தகவல் சொல்ல வேண்டும், பெயர் சொல்ல வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருக்கலைப்பு கேட்டு வரும் 18 வயது நிரம்பாத பெண்களை மருத்துவர்கள் திருப்பி அனுப்புவதைப் பற்றிய கட்டுரை கண்டேன். மருத்துவர்களின் பயத்தைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தப் பயத்தைத் தீர்க்க ஏற்கெனவே இருக்கும் வழியை ஒரே வரியில் கடந்துவிட்டார்கள்.

பயம் பொய்யல்ல. குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது, 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. காதலித்துச் சேர்ந்தவர்கள் என்றாலும் விலக்கு இல்லை. சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. கருக்கலைப்பை ஒழுங்குபடுத்தும் எம்.டி.பி. சட்டத்தின் 5ஏ பிரிவோ, சட்டப்படி அதிகாரம் பெறாத யாரிடமும் பெண்ணின் பெயரைச் சொன்னால் ஓராண்டு வரை சிறை என்கிறது. ‘போலீஸுக்கு எழுதணும்’ என்று டாக்டர் வாயெடுத்ததுமே வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். அடுத்து அவர்கள் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் போலி வைத்தியரின் வாசல்.

29.9.2022 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு வழி சொல்லிவிட்டது. சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையோ அடையாளம் காட்டும் விவரங்களையோ மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வழக்கு நடந்தாலும் சொல்ல வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2023-ல் இதைப் பின்பற்றச் சொன்னது. தகவல் கொடுக்கும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. ‘பெயர் வேண்டாமென்றால் எழுதவே வேண்டாம்’ என்று புரிந்துகொண்ட மருத்துவர்தான் மாட்டிக்கொள்வார்.

நடைமுறையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. இப்படி ஒரு வசதி இருப்பதை மருத்துவரே முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். சட்டம் தெரிந்து தாமாகக் கேட்கும் குடும்பம் அரிது. பெயர் வேண்டாம் என்ற கோரிக்கையைச் சிறுமியிடமும் காப்பாளரிடமும் கையெழுத்தோடு வாங்கிக்கொள்வது நல்லது. காவல் நிலையத்துக்குப் போகும் கடிதத்தில் வயது, கர்ப்பத்தின் வாரம், சேர்க்கைப் பதிவேட்டு வரிசை எண் ஆகியவை போதும் என்பது என் கருத்து. கடிதம் பெற்றதற்கு அத்தாட்சி வாங்காமல் விட்டுவிடாதீர்கள். காப்பாளர் என்றால் தாயோ தகப்பனோதான் வர வேண்டும் என்றும் இல்லை. சிறுமியைப் பராமரிப்பவரையே சட்டம் காப்பாளர் என்கிறது. பாட்டி வளர்க்கிறார் என்றால் பாட்டி கையெழுத்துப் போடலாம்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேதான். 2003-ம் ஆண்டின் எம்.டி.பி. ஒழுங்குமுறைகளின்படி, பெண்ணின் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் (படிவம் 3) மட்டுமே எழுத வேண்டும். கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர் பதிவேடு, மறுபடி வரச் சொல்லிக் கொடுக்கும் அட்டை என்று மற்ற எல்லாவற்றிலும் வரிசை எண்தான். ஒப்புதல் படிவமும் (படிவம் சி) மருத்துவரின் கருத்துப் படிவமும் (படிவம் 1) உறையில் வைத்து முத்திரையிடப்பட வேண்டும். உறையின் மேல் வரிசை எண், மருத்துவர் பெயர், ‘ரகசியம்’ என்ற குறிப்பு. இத்தனையும் செய்துவிட்டு, பில் போடும் கணினியில் முழுப் பெயரோடு ‘எம்.டி.பி.’ என்று அச்சடித்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. பதிவேடு, கடைசிப் பதிவுக்குப் பின் 5 ஆண்டுகள் இருக்க வேண்டும். மற்றத் தாள்கள் கருக்கலைப்பு நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்.

இந்தப் படிவங்களைச் சடங்காக நினைக்கும் மருத்துவர்களுக்கு ஒன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவில் கருக்கலைப்பு இன்னும் குற்றம்தான். எம்.டி.பி. சட்டப்படி செய்தால் அதிலிருந்து விலக்கு. நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு எம்.டி.பி. சட்டத்தின் 8-வது பிரிவும் காப்புத் தருகிறது. கையில் படிவம் 1 இல்லாவிட்டால் அந்த நல்லெண்ணத்தை எதைக் காட்டி நிரூபிப்பது? கலைப்பு முடிந்த 3 மணி நேரத்துக்குள் அதைச் செய்ததாக அதே படிவத்தில் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குடும்பம் வழக்கு நடத்த விரும்பினால் எச்சரிக்கை வேறு. வெளியேறிய திசுவைப் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் டி.என்.ஏ. சிதைந்து, சோதனை வீணாகும். குளிர்நிலையில் வைத்துக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

18 வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டத்தில் எங்கும் இல்லை. வல்லுறவால் கர்ப்பம் என்று அவள் சொன்னால், எஃப்.ஐ.ஆர். நகல் கொண்டுவரச் சொல்லிக் கலைப்பைத் தள்ளிப்போடக் கூடாது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, எம்.டி.பி. விதிகளின் 3பி சொல்லும் பெண்களுக்கு இருவரின் கருத்து வேண்டும். சிறுமிகளும் வல்லுறவுக்கு ஆளானவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கடிதம் கொண்டு வா, கையெழுத்து வாங்கி வா என்று இரண்டு வாரம் அலையவிட்டால், 19-வது வாரத்தில் வந்தவள் 21-வது வாரத்தில் இரண்டாவது மருத்துவரைத் தேட வேண்டியிருக்கும். மேலே சொன்ன பட்டியலில் வராதவள் என்றால் அந்த வழியும் இல்லை.

மகப்பேறு மருத்துவர் ஒருவர்,
திருச்சி