விவிலிய வாசிப்புக் குழு: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஜனவரி 26, இறைவார்த்தை ஞாயிறன்று, ஓராண்டில் திருவிவிலியம் முழுவதையும் வாசித்து முடிப்பதாகத் தொடங்கினோம். நாளொன்றுக்கு மூன்று, நான்கு அதிகாரங்கள். தொடக்கநூல் தடையின்றிப் போயிற்று; செங்கடலைக் கடக்கும்வரை ஒருவரும் பின்தங்கவில்லை. விடுதலைப் பயண நூலில் இறைவன் தங்கும் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் தளர்ந்தோம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பாதிப்பேர் லேவியர் நூலைத் தாண்டவில்லை. திட்டம் வகுத்தவன் என்ற முறையில் தவறு என்னுடையது. அதிகாரங்களை எண்ணினேன், வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர்களை எண்ணவில்லை.

தவக்காலம் முதல் அன்றன்றைய திருப்பலி வாசகங்களுக்கு மாறினோம். கால் மணி நேரம் போதும். ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும், வீட்டில் மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது மட்டுமே ஏற்பாடு.

மார்ச் 30, தவக்கால நான்காம் ஞாயிறு. லூக்கா 15, காணாமற்போன மகன் உவமை: திரும்பி வந்த இளைய மகனைத் தந்தை ஏற்கிறார், மூத்தவன் சினக்கிறான். மாலைக் கூட்டத்தில், பேரன் வாசிக்கக் கேட்டுவரும் எழுத்தறியாத பாட்டி ஒருவர் சொன்னார்: “பெரியவன் ‘உம் மகன்’ என்கிறான். தம்பி என்ற சொல் அவன் வாயில் வரவேயில்லை. தகப்பன்தான் ‘உன் தம்பி’ என்று எடுத்துக் கொடுக்கிறார்.” எத்தனையோ முறை வாசித்த எனக்கு அது தென்பட்டதில்லை. உடன்பிறந்தோருடன் பேச்சற்றுப் போனவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அதற்குமேல் பேச யாருக்கும் மனம் வரவில்லை, செபித்துக் கலைந்தோம்.

மே மாதம் கூட்டம் நடைபெறவில்லை. நவம்பரில் சாலமோனின் ஞானமும் மக்கபேயர் நூல்களும் வாசகங்களாக வந்தபோது, சீர்திருத்தச் சபையினர் பயன்படுத்தும் 66 நூல்கள் கொண்ட பதிப்பை வைத்திருந்தோர் தேடித் தவித்தனர். நமது திருவிவிலியத்தில் 73 நூல்கள். நாம் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் அந்தக் கூடுதல் நூல்கள் ‘இணைத் திருமுறை’ என்ற பகுதியில் உள்ளன. இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வெளியாகி 60 ஆண்டுகள் நிறைந்ததும் அம்மாதம் 18ஆம் நாள்தான். மறைநூலை அறியாதவர் கிறிஸ்துவை அறியாதவர் என்ற புனித ஜெரோமின் கூற்றை அந்த ஏடு எடுத்துரைத்து, நம்பிக்கை கொண்டோர் அனைவரையும் அடிக்கடி வாசிக்கத் தூண்டுகிறது. அப்பகுதியைக் கூட்டத்தில் வாசித்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

திருவருகைக் காலத்திலிருந்து ஞாயிறுகளில் மத்தேயு நற்செய்தி வருகிறது. நோயுற்று வீட்டிலேயே இருக்கும் முதியவர்கள் சிலருக்கு வாசித்துக் காட்ட ஆளில்லை. மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள், குறிப்பாக இளையோர், இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்