சராசரியை நம்பாதே

ஆம்பூர்

மாப்ளே சம்பத்,

பொங்கலுக்கு வரேன்னு சொல்லிட்டு டிமிக்கி குடுத்துட்ட. பிரியாணி ராஜா உன் பேருல இன்னும் கணக்கு வெச்சிருக்கான், வந்து தீர்த்துக்கோ. அம்மா நல்லா இருக்காங்க. காட்பாடி ரூமைக் காலி பண்ணிட்டு இங்கேயே வீடு பார்த்துட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். உன் ரோபோ கைக்குச் சாதாரண லினக்ஸே போதும், கைக்குக் கட்டளை குடுத்துக்கிட்டே சுத்தற லூப் ஒவ்வொரு சுத்தையும் சராசரியா ஒரு மில்லி செகண்டுக்குள்ள முடிக்குதுன்னு எழுதியிருந்தியே, அதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல.

இங்க ஷூ அடிப்பாகத்துக்குப் பசை தெளிக்கிற கை ஒண்ணு இருக்கு. நாள் பூரா ஒழுங்கா ஓடும், திடீர்னு ஒரு வெட்டு வெட்டும். பசைக் கோடு அந்த இடத்துல மட்டும் தடிச்சு, ஓரத்துல வழிஞ்சு நிக்கும். மோட்டாரை மாத்தினாங்க, கேபிளை மாத்தினாங்க, நிக்கல. இத்தனைக்கும் அதுல ஓடறது ரியல் டைம் கெர்னல்தான், அதாவது வேலையைக் குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கறதுக்குன்னே அமைச்ச லினக்ஸ். கடைசியில எது எப்ப ஓடுச்சுன்னு ட்ரேஸ் எடுத்துப் பார்த்தா, லாக் எழுதற த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடற ஒரு வேலை) ஒரு மியூடெக்ஸைப் பிடிச்சிருக்கு, அதாவது ஒரு சமயத்துல ஒரு த்ரெட் மட்டுமே வெச்சுக்கக்கூடிய பூட்டை. அந்த லாக் த்ரெட்டுக்கு முன்னுரிமை கம்மி. நடுவுல கேமரா த்ரெட் வந்து அதை ஓரங்கட்டிடுது. கையை ஓட்டற லூப்புக்கு எல்லாத்தையும்விட முன்னுரிமை அதிகம், ஆனா அதுவும் அதே மியூடெக்ஸுக்காகத்தான் காத்து நிக்குது!

1997ல செவ்வாய்ல இறங்கின நாசாவோட பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கும் இதே கதிதான். விஎக்ஸ்வொர்க்ஸ் மாதிரி அசல் ஆர்டிஓஎஸ் (ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்) இருந்தும் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆச்சு. பூமியிலேர்ந்தே ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை ஆன் பண்ணி சரி பண்ணாங்க, அதாவது பூட்டுக்காகக் காத்து நிக்கற த்ரெட்டோட முன்னுரிமையை, பூட்டைப் பிடிச்சிருக்கற த்ரெட்டுக்குத் தற்காலிகமா குடுக்கறது. எங்களுக்கும் அதுதான் மருந்து. சி ப்ளஸ் ப்ளஸ்ல வர்ற சாதாரண மியூடெக்ஸ்ல அது தானா வராது, பித்ரெட் லைப்ரரியோட மியூடெக்ஸ்ல நாமதான் கேட்டு வாங்கணும். அதைப் போட்டதும் வெட்டு நின்னுடுச்சு.

ரியல் டைம் கெர்னல் இருந்தே இந்தப் பாடுன்னா, அதுவும் இல்லாத உன் ரோபோ கையை நினைச்சா பகீர்னு இருக்குடா. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துல போற கை, பத்து மில்லி செகண்ட் கட்டளை வராம இருந்தா ஒரு சென்டிமீட்டர் தாண்டிப் போயிடும். இங்க ஒரு ஜோடி ஷூ வீணாகும், அவ்வளவுதான். உன் ரோபோ கை பக்கவாதம் வந்தவங்களோட மணிக்கட்டைப் பிடிச்சுத் தூக்கப் போகுது. அவங்களால அதை எதிர்த்து இழுக்கக்கூட முடியாது. லட்சம் சுத்து சரியா போச்சுங்கறது அந்த ஒரு சுத்துல அவங்களைக் காப்பாத்துமா?

லினக்ஸை ரியல் டைம் ஆக்கற ப்ரீஎம்ட் ஆர்டி 2024ல 6.12 கெர்னலோட மெயின் லினக்ஸுக்குள்ளேயே வந்துடுச்சு, பேட்ச் தேடி அலைய வேணாம். சாதாரண வேலைங்க குறுக்க வராம லூப்புக்கு ஃபிஃபோ ஷெட்யூலிங் குடு, டிஸ்க்குக்குப் போயிடாம மெமரியைப் பூட்டி வை, லூப்புக்குள்ள மெமரி கேக்கற மாலக்கும் திரையில எழுதற ப்ரிண்ட்எஃப்பும் வேணவே வேணாம். என்னைக் கேட்டா, மோட்டார் லூப்பைத் தனியா ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப்புல, ஃப்ரீஆர்டிஓஎஸ்ங்கற சின்ன ஆர்டிஓஎஸ்ல ஓட்டு, பாதை போடற வேலை மட்டும் லினக்ஸ் பார்க்கட்டும். எதைப் போட்டாலும் எமர்ஜென்சி ஸ்விட்ச் நேரா மோட்டார் கரன்டை வெட்டணும், சாஃப்ட்வேரை நம்பி விடாதே.

இன்னிக்கு ராத்திரி சைக்ளிக்டெஸ்ட் ஓட விடு, த்ரெட் எழுந்திருக்க எவ்வளவு தாமதமாகுதுன்னு அது அளக்கும். சும்மா இருக்கற மெஷின்ல இல்ல, கேமரா, கம்பைல், டிஸ்க் காப்பி எல்லாம் சேர்ந்து ஓடும்போது. காலையில மேக்ஸ்ங்கற இடத்துல இருக்கற எண்ணை, அதான் அதிகபட்ச தாமதத்தை, மட்டும் எனக்கு அனுப்பு. ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான் இருப்பேன், ட்ரேஸ் எடுக்கணும்னா லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துடு.

உன்,
மணி