வழக்கு தோற்பது நாள் கணக்கில்தான்

ஆசிரியருக்கு,

பன்னாட்டு அமைப்புகளில் நடக்கும் இடமாற்றம், பணிநீக்கம் பற்றிய உங்கள் கட்டுரை, பாதிக்கப்பட்ட ஊழியர் அந்தந்த நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்தை நாடலாம் என்று முடிகிறது. அதை நம்பி ஒருவர் வக்கீலைத் தேடிப் போனால், உண்மையிலேயே திறந்திருக்கும் கதவும் அதற்குள் சாத்திக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐ.நா. தன் விலக்குரிமையைத் தானாக விட்டுக்கொடுத்தாலொழிய, எந்த நாட்டு நீதிமன்றமும் அதன் மீதான வழக்கை விசாரிக்க முடியாது. 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கை தந்த விலக்குரிமை அது. மற்ற அமைப்புகளுக்கும் பெரும்பாலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமையில் வேலை பார்த்தவர்கள் தொடுத்த வழக்கில் 1999-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பார்த்தது, அவர்களுக்கு வேறு தகுந்த வழி இருந்ததா என்பதைத்தான். இருந்தது என்றதும், ஜெர்மன் நீதிமன்றங்கள் வழக்கை ஏற்காதது தவறில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே அமைப்புக்குள்ளேயே இருக்கும் வழியைத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த வழி எல்லோருக்கும் ஒன்றல்ல. ஐ.நா. தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2009 ஜூலை முதல் இரண்டு அடுக்கு: முதலில் பிணக்குத் தீர்ப்பாயம், அதற்கு மேல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். உலக சுகாதார அமைப்பு, யுனெஸ்கோ போன்றவை ஜெனீவாவில் உள்ள ஐ.எல்.ஓ. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) நிர்வாகத் தீர்ப்பாயத்தின் கீழ் வருகின்றன. உலக வங்கிக்கும் பன்னாட்டு நாணய நிதியத்துக்கும் தனித்தனித் தீர்ப்பாயங்கள். எதன் கீழ் வருகிறோம் என்பதைப் பணி விதிகளைப் புரட்டி முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

இனி நாள் கணக்கு. பல வழக்குகள் சாவது இங்கேதான். ஐ.நா. களப்பணி நிலையம் ஒன்றில் மார்ச் 3-ஆம் தேதி ஒருவருக்கு இடமாற்ற ஆணை மின்னஞ்சலில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் மனிதவளப் பிரிவுக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார். 'முன்பு சொன்னதில் மாற்றமில்லை' என்று மே 10-ஆம் தேதி பதில் வருகிறது. அதிலிருந்து நாள் எண்ணத் தொடங்குகிறார். தப்பு. எழுத்து மூலம் நிர்வாக மறுமதிப்பீடு (முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி நிர்வாகத்திடமே வேண்டுவது) கேட்கத் தரப்பட்ட 60 நாள் மே 2-ஆம் தேதியே முடிந்துவிட்டது. பழைய முடிவைத் திருப்பிச் சொல்லும் பதில் புதிய முடிவாகாது. இந்தக் கெடுவைத் தளர்த்தத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரமில்லை. குறைதீர்ப்பாளர் அலுவலகம் மூலம் சமரசம் நடக்கும்போது பொதுச்செயலாளர் நீட்டிக்கலாம். மேலாளரோடு நடத்தும் தேநீர்ப் பேச்சு அந்தக் கணக்கில் சேராது.

அவரே ஏப்ரல் 28-ஆம் தேதி முறையாகக் கேட்டிருந்தால், நியூயார்க்குக்கு வெளியே பணிபுரிபவர் என்பதால் நிர்வாகம் பதில் தர 45 நாள், அதாவது ஜூன் 12 வரை. (நியூயார்க் என்றால் 30 நாள்.) பதில் வராவிட்டாலும் கடிகாரம் நிற்காது, அன்றிலிருந்து 90 நாளுக்குள், செப்டம்பர் 10-க்குள், தீர்ப்பாயத்தில் மனு இருக்க வேண்டும். ஐ.எல்.ஓ. தீர்ப்பாயத்திலும் 90 நாள்தான். ஆனால் அமைப்புக்குள் இருக்கும் முறையீட்டுப் படிகளை எல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டும். உள்முறையீடு கெடு தாண்டிப் போனதாக இருந்தால் தீர்ப்பாயமும் கைவிரித்துவிடும்.

ஒழுங்கு நடவடிக்கையாக வேலையை விட்டு அனுப்பினால் கணக்கு தலைகீழ். அதற்கு மறுமதிப்பீடு தேவையில்லை, 90 நாளுக்குள் நேரே தீர்ப்பாயம். இங்கே மறுமதிப்பீடு கேட்டுவிட்டுக் காத்திருந்து நாளைத் தொலைப்பவர்கள் ஒரு பக்கம். பணியிடத்தை ஒழித்ததை எதிர்த்து, மறுமதிப்பீடு கேட்காமலே நேரே மனுப்போட்டு முதல் படியிலேயே திரும்புகிறவர்கள் மறுபக்கம்.

இடமாற்றத்தில் நிர்வாகத்துக்கு அதிகாரம் விரிவானது. ஊழியரை எந்த அலுவலகத்துக்கும் அனுப்பலாம் என்று ஐ.நா. பணி ஒழுங்குவிதி 1.2(c) வெளிப்படையாகவே சொல்கிறது. 'எனக்கு வசதிப்படவில்லை', 'மேலதிகாரிக்கு என்னைப் பிடிக்காது' என்பவை அங்கே எடுபடா. பழைய பணிவிவரத்தையும் புதிய பணிவிவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரநிலை அதேதானா, பொறுப்பு அந்தத் தரநிலைக்கு ஏற்றதா, ஊழியரின் திறமைக்கும் அனுபவத்துக்கும் பொருந்துமா? முன்பு ஆட்களை மேற்பார்வையிட்டு, வரவுசெலவுக்கு ஒப்பம் போட்டவருக்குப் புதிய தாளில் அறிக்கை தொகுப்பது மட்டும் மிஞ்சியிருந்தால், வழக்கு அந்த இரண்டு தாள்களில்தான் இருக்கிறது. தண்டனையை இடமாற்றம் என்ற பெயரில் கொடுத்தாலும் ரத்தாகும். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில். எதிர்த்து மனுப் போட்டிருக்கிறோம் என்று புதிய இடத்துக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. ஆணையை மீறிய குற்றம் தனியாக முளைக்கும்.

போகாமல் இருக்க ஒரே வழி தடை வாங்குவது. முடிவு மேலோட்டமாகவே சட்டவிரோதமாகத் தெரிய வேண்டும், அவசரம் இருக்க வேண்டும், ஈடுசெய்ய முடியாத பாதிப்பு வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இல்லை. தீர்ப்பாயம் ஐந்து வேலை நாளுக்குள் பரிசீலிக்க வேண்டும்; ஆனால் நடைமுறைக்கு வந்துவிட்ட ஆணைக்குத் தடை கிடையாது. கிடைத்தாலும் மறுமதிப்பீடு முடியும்வரைதான் நிற்கும்.

குறித்த கால ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது சட்டப்படி பணிநீக்கமே அல்ல. ஆனாலும் நிர்வாகம் நிதி இல்லை என்று காரணம் சொன்னால், அந்தக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். அதே மாதம் அதே வேலைக்கு வேறு பெயரில் விளம்பரம் வந்திருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தால் வேலை திரும்புமா? இந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். பணிநீக்கத்தை ரத்து செய்யும்போது ஐ.நா. தீர்ப்பாயம் அதற்கு மாற்றாக ஒரு தொகையையும் குறிக்க வேண்டும். எதைத் தேர்வது என்பது தோற்ற நிர்வாகத்தின் கையில். தொகைக்கு வழக்கமான உச்சவரம்பு இரண்டு ஆண்டு நிகர அடிப்படைச் சம்பளம். பாடம் புகட்டும் இழப்பீட்டுக்கு இடமே இல்லை. பதவி உயரம் இதில் உதவாது. ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் தலைமை இயக்குநர் ஜோசே புஸ்தானியை 2002-இல் உறுப்பு நாடுகள் பதவிக்காலத்தின் நடுவில் நீக்கின. அது செல்லாது என்று ஐ.எல்.ஓ. தீர்ப்பாயம் 2003-இல் சொன்னது. மிச்சப் பதவிக்காலச் சம்பளத்தோடு 50,000 யூரோ மன உளைச்சலுக்கு. நாற்காலிக்கு அவர் திரும்பவில்லை.

ஐ.நா. ஊழியருக்குச் சட்ட உதவி அலுவலகம் இலவசமாகவே ஆலோசனை தருகிறது. மறுமதிப்பீடு கேட்பதற்கு முன்பே அங்கே போவது நல்லது. ஆலோசகர் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கோ இதில் எதுவும் பொருந்தாது. அவர்கள் சட்டத்தில் ஊழியர்களே அல்லர். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் நடுவர் மன்றப் பிரிவுதான் அவர்கள் வழி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்