ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரை விடுதிக்காரர்களுக்கு: மாடிப்படியை முதல் வரியில் எழுதுங்கள்

ஹெரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரைகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் பழைய வீடுகளில் மலிவு விடுதி நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் வீடுகளின் மாடிப்படியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் ஏறி இறங்குகிறீர்கள். புதிதாக வருபவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பதையும் தினமும் பார்க்கிறீர்கள். அப்படியிருந்தும், அறை பதிவு செய்யும் பக்கத்தில் அந்தப் படியைப் பற்றி ஒரு வரி எழுத உங்களில் பலருக்கு மனம் வருவதில்லை. அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் இந்த மடல்.

அறை எந்த மாடியில் இருக்கிறது, லிஃப்ட் உண்டா இல்லையா, மொத்தம் எத்தனை படி, படி எவ்வளவு செங்குத்து, கழிப்பறை எந்தத் தளத்தில், காலை உணவு எந்தத் தளத்தில். இவ்வளவுதான் கேட்கிறேன். இதை விலைக்குப் பக்கத்திலேயே, பணம் கட்டுவதற்கு முன் கண்ணில் படும்படி எழுதுங்கள்.

என் அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், பிடிமானம் இருந்தால் நாலு படி ஏறுவார். இதை அறை பதிவு செய்யும்போதே குறிப்பாக எழுதியிருந்தேன். கீழ்த்தள அறை கிடைத்தால் மிகவும் உதவியாக இருக்கும் என்றும் கேட்டிருந்தேன். ‘உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம்’ என்று பதில் வந்தது. படியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பக்கத்தில் இருந்த படங்களில் கட்டில் இருந்தது, ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே கால்வாயும் படகும் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டு வீடு என்று பெருமையாகப் போட்டிருந்தது. மாடிப்படியின் படம் மட்டும் இல்லை.

எங்களுக்குக் கொடுத்த அறை மூன்றாவது மாடியில். தெருவிலிருந்து வாசலுக்கு ஏறவே சில கல்படிகள். அதைத் தாண்டி உள்ளே போனால், பரணுக்குச் சாத்தி வைத்த ஏணி மாதிரி ஒரு மரப்படி. பாதி பாதம்தான் அதில் பதியும். குதிகால் அந்தரத்தில் நிற்கும். நடுவில் வளையும் இடத்தில் படி ஒரு பக்கம் விரல் அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. பிடித்துக்கொள்ள ஒரே பக்கம், சுவரோடு ஒரு தடித்த கயிறு.

அம்மா புடவை கட்டுபவர். ஏறும்போது கொசுவம் காலில் தட்டாமல் இருக்க ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மீதி ஒரு கைதான் கயிற்றுக்கு. நான் பின்னால், அவர் சாய்ந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியபடி. ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சு வாங்கி, ‘முருகா’ என்று அடுத்த காலை எடுத்து வைத்தார். ஏறுவதாவது பரவாயில்லை. இறங்கும்போது முகத்தைப் படி பக்கம் திருப்பிக்கொண்டு, பின்புறமாக, காலால் அடுத்த படியைத் துழாவித் துழாவி இறங்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினார். மேலே போக வேண்டிய இளைஞர்கள் இரண்டு பேர் கீழே பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்புறம் கழிப்பறை. அது பொதுக் கழிப்பறை என்று பதிவுப் பக்கத்திலேயே இருந்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது எங்கள் தளத்திலேயே இல்லை. அரை மாடி கீழே, படி வளையும் இடத்தில் இருந்தது. இரவில் அந்தப் படியில் இறங்குவதற்குப் பயந்து, மாலை ஆறு மணிக்கு மேல் அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அந்த மாத்திரையைக்கூட ஒரு மிடறு நீரில் விழுங்கிவிட்டு டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். குடிம்மா, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றால், ‘எனக்குத் தாகமில்லை’ என்பார். ஒரு மனுஷி தண்ணீர் குடிக்கலாமா வேண்டாமா என்பதை உங்கள் படிக்கட்டு தீர்மானித்தது. ஐயா, அம்மா, இதை நீங்கள் தயவுசெய்து நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

என்னை இந்த மடல் எழுத வைத்தது காலை உணவு. உணவு வாடகையில் சேர்ந்தது. பரிமாறும் இடமோ வாசல்படிக்கு அடியில், பாதி தரைக்குக் கீழே இருக்கும் அறையில். மூன்று மாடி இறங்கி, அதற்கும் கீழே போக வேண்டும். அம்மாவால் முடியவில்லை. இரண்டு ரொட்டித் துண்டும் ஒரு வேகவைத்த முட்டையும் தட்டில் வைத்து மேலே எடுத்துப் போகத் திரும்பினேன். வரவேற்பில் இருந்தவர் என்னை நிறுத்தினார். அறைக்கு உணவு எடுத்துச் செல்லக் கூடாதாம், அது விதியாம். அம்மாவால் இறங்க முடியாது, அவர் பங்கு உணவுதான் இது என்று விளக்கினேன். ஆம்ஸ்டர்டாம் வீடுகள் இப்படித்தான் இருக்கும், உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

எப்படித் தெரிந்திருக்கும்? யார் சொன்னார்கள்?

வேலைக்கு இருந்த அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. விதியை அவர் எழுதவில்லை. பதிவுப் பக்கத்தையும் அவர் எழுதவில்லை. எழுதிய உங்களிடம்தான் கேட்கிறேன். வேறு அறை கேட்டேன், எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். பதிவை ரத்து செய்யக் கேட்டேன், பணம் திரும்பாத வகைப் பதிவு என்றார்கள். மீதி நாட்களில் அம்மா பெரும்பாலும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

படிகள் ஏன் இப்படி என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 1613-ல் பழைய ஊரைச் சுற்றி இந்தக் கால்வாய் வளையத்தை வெட்டத் தொடங்கியபோது கரையோர மனைகளை அகலம் குறைவாக, ஆழம் அதிகமாகப் பிரித்தார்கள். குறுகிய மனையில் படிக்கட்டுக்கு இடம் மிச்சமில்லை. அதனால்தான் பெரும்பாலான வீடுகளின் உச்சியில் ஒரு விட்டம் வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் கொக்கியோடு நிற்கிறது. வீட்டுச் சாமானைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாகவே ஜன்னலுக்கு ஏற்றினார்கள். ஏற்றும் சாமான் சுவரில் இடிக்காமல் இருக்க, முகப்பையே தெருப்பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டினார்கள். அந்தப் படிக்கட்டில் ஒரு அலமாரியைக் கொண்டு போக முடியாது என்று நானூறு வருஷத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. அலமாரிக்கு மாற்று வழி யோசித்த ஊர் இது. முழங்கால் முடியாத மனிதர்களுக்காக ஒரு வரி எழுதுவது அதைவிடக் கஷ்டமா?

2010-ல் யுனெஸ்கோ இந்தக் கால்வாய் வளையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாதுகாக்கப்பட்ட வீட்டில் நினைத்தபடி சுவரை உடைத்து லிஃப்ட் வைக்க முடியாது, எனக்குத் தெரியும். வைக்கச் சொல்லவும் இல்லை. பழைய வீடு பழைய வீடாகவே இருக்கட்டும். அதன் அழகுக்காகத்தான் நாங்களும் வருகிறோம். வீடு எப்படி இருக்கிறதோ அதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மலிவு விடுதி என்றால் இப்படித்தான் என்றும் சொல்லாதீர்கள். அறை சிறியது என்று எழுதியிருந்தீர்கள், ஏற்றுக்கொண்டு வந்தோம். பெட்டியைத் திறந்தால் நிற்க இடமில்லை, சரி. பக்கத்து அறைக்காரர் இருமுவது கேட்கிறது, சரி. சுடுநீர் வைக்கக் கெட்டில் இல்லை, அதுவும் சரி. குறைந்த வாடகைக்கு வசதி குறையும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் படியைப் பற்றிச் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு யூரோவும் செலவில்லை. சொல்லாமல் விடுவதால் உங்களுக்கு மிச்சமாவது ஒன்றுதான்: தெரிந்திருந்தால் வேறு இடம் தேடியிருக்கக்கூடியவர்களின் பதிவுப் பணம்.

உங்கள் ஊரிலேயே சொல்லும் வழக்கம் இருக்கிறது. நாஜிகளுக்குப் பயந்து யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் குடும்பத்தோடு ஒளிந்திருந்த வீடு, பிரின்சன்கிராக்ட் 263-ல் இருக்கும் ஆன் ஃபிராங்க் இல்லம், இன்று அருங்காட்சியகம். அது, மறைவிடத்துக்குப் போகும் படிகள் மிகச் செங்குத்தானவை, சக்கர நாற்காலி போகாது என்று முன்கூட்டியே சொல்கிறது. சில மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிற இடம் அது. இரவெல்லாம் தங்கி, தூக்கத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டிய இடத்தில் ஏன் சொல்லக் கூடாது? பழைய ஊருக்கு அடியில் சுரங்கம் தோண்டி 2018-ல் வடக்கு-தெற்கு மெட்ரோவைத் திறந்தார்கள். அந்த நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, அம்மா யார் உதவியும் இல்லாமல் போய்வந்தார். டிராம்களிலும் தாழ்தளம் இருந்ததால் காலை அதிகம் தூக்காமல் ஏறினார். தெருவில் இறங்கிவிட்டால் ஊர் முழுக்க அவருக்கு வழி இருந்தது. தெருவில் இறங்குவதற்குத்தான் வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டதில்லை என்றாலும். 2024 முதல் உங்கள் நகரம் தங்குபவர்களிடம் அறை வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வாங்குகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அதைக் கட்டினோம். வருஷத்துக்கு 2 கோடி தங்கல்களுக்கு (ஒருவர் ஓர் இரவு தங்கினால் ஒரு தங்கல்) மேல் போகக் கூடாது என்று நகரம் எல்லை வைத்திருக்கிறது. ஏற்கனவே இருக்கும் விடுதி ஒன்று மூடினால்தான் புதிதாக ஒன்று திறக்கலாம் என்று 2024-ல் முடிவும் செய்துவிட்டார்கள். 2023-ல், குடித்துக் கூத்தடிக்க வரும் பிரிட்டன் இளைஞர்களை வராதே என்று விளம்பரம் கொடுத்தே தடுக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்களின் அலுப்பு நியாயமானது, கூட்டத்தை நானும் பார்த்தேன். ஆனால் கூட்டம் கூடிவிட்டது என்ற எரிச்சலை, ஒன்பது மணிக்குத் தூங்கப் போகும் வயதானவர்கள் மேல் காட்டாதீர்கள். புதுப் போட்டி வராது என்று தெரிந்த பிறகு, இருக்கும் விடுதிக்காரர்களுக்கு விருந்தாளியின் சிரமத்தைக் கேட்க வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. என் சந்தேகம் தவறாக இருந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் குடும்பமாகத்தான் பயணம் போவோம். பிள்ளைகள் உங்கள் நாட்டில் வேலைக்கு வந்தபின் பெற்றோரை அழைத்து ஊரைச் சுற்றிக் காட்டும் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் இருக்கும் வீடு சிறியது என்பதால் பெற்றோருக்காக உங்களைப் போன்றவர்களின் விடுதியில்தான் அறை எடுக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முழங்கால் வலி உண்டு, இதய நோய் உண்டு, புடவையும் வேட்டியும் உண்டு. அந்தக் குடும்பங்கள் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்தால், முடிந்தவர்கள் உங்களிடம் வருவார்கள். முடியாதவர்கள் லிஃப்ட் உள்ள வேறு இடத்துக்குப் போவார்கள்.

எனவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். மாடிப்படியை முதல் வரியில் எழுதுங்கள், படத்தையும் போடுங்கள், கீழே நின்று மேல் நோக்கி எடுத்த படமாக. முதியவர் வருகிறார் என்று யாராவது குறிப்பு அனுப்பினால், வரவேற்புச் செய்தியோடு நிறுத்தாமல், முடியும் முடியாது என்று பதில் சொல்லுங்கள். வாசலை ஒட்டியோ வாசல்படிக்கு அடியிலோ ஒரு அறை இருந்தால், அதை முதலில் இவர்களுக்கு ஒதுக்குங்கள். படியைப் பார்த்த பிறகு தங்க முடியாது என்று சொல்பவர்களுக்கு, நீங்கள் முன்பே சொல்லாத பட்சத்தில், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சுவரின் இன்னொரு பக்கமும் ஒரு கைப்பிடி போட முடிந்தால் போடுங்கள். கீழே வர முடியாதவருக்குச் சேர வேண்டிய ரொட்டியையும் முட்டையையும் மேலே எடுத்துப் போக அனுமதியுங்கள்.

இதில் எதைச் செய்ய நேரமாகும் என்றாலும், முதல் வரியை இன்றே எழுதலாம். தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரின் விடுதியில் அம்மாவுடன் தங்கிய மகள்