அந்தப் பையனின் அப்பாவுக்கு ஒரு பதில்

ராலே, வட கரோலினா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீ பயிற்சி கொடுக்கும் பள்ளிக் கூடைப்பந்து சீனியர் அணியில் இடம் கிடைக்காத பையனின் அப்பா பள்ளிக்கே வந்து, "மைக்கேல் ஜோர்டனையும் இப்படித்தான் துரத்தினார்கள்" என்று எல்லார் முன்னாலும் உன்னிடம் சத்தம் போட்டதாக எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. போன மாதம்தான் அந்தக் கூடைப்பந்து ஜாம்பவான் ஜோர்டன் வளர்ந்த வில்மிங்டனுக்குப் போய்வந்தேன்.

இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஊரை நெருங்கும்போது நெடுஞ்சாலைக்கே அவர் பெயர்தான். பிறந்தது என்னவோ புரூக்ளினில், 1963இல். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கே வந்துவிட்டது. அவர் சிறுவயதில் ஆடிய எம்பி (Empie) என்ற பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூடப் பந்தை அடுத்தவனுக்குத் தரவில்லை. உன் ஞாபகம் வந்தது.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். 1978இல் லேனி உயர்நிலைப் பள்ளியில் ஜோர்டன் பத்தாம் வகுப்பு. அவரை யாரும் துரத்தவில்லை. ஜூனியர் அணியில் போட்டார்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பிலிருந்து சீனியர் அணிக்குப் போனது ஒரே ஒருவர், லெராய் ஸ்மித். அவர் ஆறரை அடி உயரம், ஜோர்டனோ அப்போது ஐந்தடி பத்து அங்குலம். அணிக்கு வேண்டியிருந்தது உயரமான ஆள். நீயும் நானும் அங்கே இருந்திருந்தால் ஸ்மித்தைத்தான் எடுத்திருப்போம். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் ஜோர்டன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது உண்மை. ஆனால் அந்த வருடம் ஜூனியர் அணியில் அவர் ஆசை தீர ஆடினார். சீனியர் அணியில் இருந்திருந்தால் பெஞ்சைத்தான் தேய்த்திருப்பார் என்பது என் கட்சி.

என்னை உறுத்துவது வேறு. பயிற்சியாளர் பாப் ஹெரிங், பள்ளி தொடங்குவதற்கு முன்பே ஜோர்டனைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய்த் தனியாகப் பயிற்சி கொடுத்தவர். உலகத்துக்கு அவர் ஜோர்டனை ஒதுக்கிய ஆள் மட்டும்தான். 2009இல் கூடைப்பந்துப் புகழரங்கத்தில் கௌரவிக்கப்பட்டபோதுகூட ஜோர்டனுக்கு ஆறவில்லை. ஸ்மித்தை வரவழைத்து உட்காரவைத்து, பயிற்சியாளர் தவறு செய்துவிட்டார் என்று குத்திக்காட்டினார். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை.

உண்மையில் அவரை அழவைத்து ஆளாக்கியது வீட்டுக் கொல்லைப்புறம். அப்பா ஜேம்ஸ் அங்கே கூடை வளையம் மாட்டிக் கொடுத்திருந்தார். அண்ணன் லாரி குள்ளம்தான், ஆனால் எம்பிக் குதிப்பதில் சூரன். மைக்கேல் உயரும்வரை தினமும் தம்பியைத் தோற்கடித்து அனுப்புவது அவர்தான். லாரியின் சட்டை எண் 45. அண்ணன் ஆடுவதில் பாதியாவது நான் ஆடினால் போதும் என்றுதான் தம்பி 23ஐ எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டரைக்குச் சட்டை கிடைக்காதே! 1995இல் ஓய்விலிருந்து திரும்பி வந்தபோது கொஞ்ச நாள் அண்ணனின் 45ஐயே போட்டுக்கொண்டு ஆடினார்.

அந்தப் பையனை ஜூனியர் அணியில் போடு, உட்காரவைக்காதே. அவனுக்கு வீட்டில் அண்ணன் யாராவது இருக்கிறானா என்று விசாரித்து எழுது.

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? டிசம்பரில் வருகிறேன்.

இப்படிக்கு,
உனக்குப் பந்து கொடுத்தே ஓய்ந்துபோனவன்