வேங்கை என்று அழைத்தவர்களுக்கு

அன்புத் தோழமைகளுக்கு வணக்கம்.

மனித உடலோடு பிறந்து வளர்ந்தும், தம்மை மனிதரல்லாத ஓர் உயிராகவோ ஆவியாகவோ உள்ளூர உணர்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதை என் 31ஆம் வயதில்தான் அறிந்தேன். அதுவரை அப்படிப்பட்டவள் நான் ஒருத்தி மட்டுமே என்று எண்ணியிருந்தேன். இணையத்தின் வழியே 3 ஆண்டுகளாக என்னோடு பேசிவரும் உங்களில் பலரின் முகமும் இயற்பெயரும் எனக்குத் தெரியாது. ஆகவே நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றியை இம்மடலில் சொல்கிறேன்.

நான் மரத்தில் உறையும் உயிர். பினாங்கில் நான் படித்த பள்ளிக்குப் போகும் வழியில் ஆங்சானா மரங்கள் நின்றன. அவை திடீரென ஒருநாள் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே சாலை நிறையப் பூவைக் கொட்டிவிடும். அந்த நாள்களில் என் தோள்களிலிருந்தும் ஏதோ உதிர்ந்து உடல் இலேசானதை உணர்வேன். மழை வருவதற்குச் சற்று முன்பு, பாதத்தோடு என் உடல் முடியவில்லை, அதற்குக் கீழேயும் நீள்கிறது என்று தோன்றும். கண்ணாடியில் தெரிவது மனித உடல்தான் என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இதைச் சொல்ல நம்மவரிடம் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை யாவும் வெளியிலிருந்து வருவதைக் குறிப்பவை. தைப்பூசத்தில் அருள் வருகிறது, முனியாண்டி கோயில் திருவிழாவில் சாமி இறங்குகிறது, உச்சிவேளையில் புளியமரத்தடியில் போனவளைக் காற்றுக் கறுப்பு அண்டுகிறது. வந்த சாமி மலையேறிவிடும், பிடித்ததை ஓட்டிவிடலாம். என்னிடம் வந்தது என்று எதுவும் இல்லாததால் போவதற்கும் எதுவும் இல்லை என்பதை 19ஆம் வயதில் என்னால் விளக்க முடியவில்லை. பயந்துபோன வீட்டார் என்னை ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் 3 வெள்ளிக்கிழமைகள் என்னை வேப்பிலையால் அடித்து, "யார் நீ, எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என் பெயரையும் வீட்டு முகவரியையும் சொன்னேன். அதன்பின் 12 ஆண்டுகள் இதுபற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கிள்ளானில் இருக்கும் அக்கா, என் முதல் நன்றி உங்களுக்கு. நள்ளிரவில் அழுதுகொண்டே நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதிலில் இரண்டே சொற்கள் இருந்தன: "எந்த மரம்?" ஏன் என்றோ எப்போதிலிருந்து என்றோ நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் நாகம் என்பதையும், உங்கள் கணவருக்கு அது தெரியும் என்பதையும் பிறகு சொன்னீர்கள். தம்மை ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் எல்ஃப் என்ற மாய இனத்தாராக உணர்ந்த அமெரிக்கர் சிலர் 1970களிலேயே கடிதங்கள் எழுதிப் பரப்பியதையும், நம்மைப் போன்றவர்களைக் குறிக்கும் 'அதர்கின்' என்ற சொல் 1990இல் பிறந்ததையும், விலங்காக உணர்வோர் தம்மைத் 'தேரியன்' என்று அழைத்துக்கொள்வதையும், அச்சொல்லின் வேர் விலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பதையும் உங்களிடமிருந்துதான் கற்றேன். நான் பிறப்பதற்கு முன்பே இதற்கொரு பெயர் இருந்திருக்கிறது என்று அறிந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அமெரிக்க நண்பர்களுக்கும் நன்றி. கோடைக்காலத்தில் இங்கே இரவு 9 மணி என்றால் நியூயார்க்கில் காலை 9 மணி; வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் என் தூக்கமின்மைக்குத் துணையாக இருந்தீர்கள்.

கோலாலம்பூர் தம்பிக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. என்னிடம் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே இருந்தபோது, அணங்கு, வரையரமகளிர், இயக்கி என்று தெய்வப் பெண்களைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தவர் அவர். மன்றத்து மரத்தில் உறைந்து கொடியவரை வருத்தும் கடவுளைக் கபிலர் பாடிய குறுந்தொகை 87ஆம் பாட்டை எனக்கு வரிவரியாக விளக்கினார். அது அஞ்சி வணங்கப்பட்ட தெய்வம், உங்கள் உணர்வுக்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்றும் அவரே சொன்னார். அந்த நேர்மையினால்தான் அவர் தந்த மற்ற சொற்களையும் நம்பி ஏற்றுக்கொண்டேன். ஆங்சானாவும் நம் வேங்கை மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்று காட்டி, என்னை முதன்முதலில் 'வேங்கை' என்று அழைத்தவரும் அவரே. முற்பிறவியின் தொடர்ச்சி இது என்று உங்களில் சிலரும், மனத்தின் அமைப்பு என்று சிலரும் கருதுகிறீர்கள். எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முடிவு சொல் என்று நீங்கள் ஒருவரும் என்னை நெருக்கவும் இல்லை.

மனநல ஆலோசகரைப் பார்க்கும்படி வற்புறுத்தியவர்களும் நீங்கள்தான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தகைய நட்புகள் ஒருவரை மருத்துவத்திலிருந்து விலக்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அம்மையார் என் தூக்கம், வேலை, பயம் ஆகியவற்றைப் பொறுமையாகக் கேட்டறிந்தார். உடலே விலங்காக மாறிவிட்டதாக நம்பும் நோய் ஒன்று உண்டு, உங்கள் நிலை அதுவல்ல என்று தெளிவாக்கினார். மரத்தை என்னிடமிருந்து பிடுங்க அவர் முயலவில்லை. அந்த 3 வெள்ளிக்கிழமைகள் விட்டுச்சென்ற நடுக்கத்துக்குத்தான் சிகிச்சை தந்தார். அவருக்கு என் வணக்கம்.

சென்ற ஆண்டு அக்கா பேருந்தேறிப் பினாங்குக்கு வந்தார். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில், கிளையில் சுருண்டிருந்த விரியன்களுக்கு முன்னால் அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். நான் அருகில் நின்றேன். பிறகு தண்ணீர்மலைப் பக்கம் உள்ள தாவரவியல் பூங்காவில் ஒரு பெருமரத்தடியில் நான் அமர்ந்திருந்தேன். அவர் அருகில் இருந்தார்.

என் அம்மாவுக்கும் இம்மடலில் இடம் உண்டு. அவருக்கு இது புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இவ்வாண்டு ஒரு காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ரோடு முழுக்கப் பூ கொட்டிக் கிடக்குது, கூட்டறதுக்கு முன்னால வந்து பாரும்மா," என்றார்.

தமிழில் தயங்கித் தயங்கி எழுதிவரும் புதியவர்களுக்கு இனி வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் விழித்திருந்து பதில் எழுதுகிறேன், அக்கா. அந்த வேலையை என்னிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
வேங்கை
பினாங்கு