தாகினாப் பனை வளர்க்கும் பூங்காக்களுக்கு ஒரு திறந்த மடல்

தாவரவியல் பூங்காப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

மடகாஸ்கரின் வடமேற்கே, அனலாலவா பகுதியிலிருந்து வந்த தாகினா விதைகளை உங்களில் சிலர் முளைக்க வைத்திருக்கிறீர்கள். அந்தக் கன்றுகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

அங்கே முந்திரித் தோட்டம் நடத்திவந்த சேவியர் மெட்ஸ், சுண்ணாம்புப் பாறைக் குன்றின் அடியில் இந்தப் பனையைப் பார்த்தார். லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஜான் டிரான்ஸ்ஃபீல்டும் அவர் குழுவினரும் 2008இல் இதைப் புது இனமாக மட்டுமல்ல, புதுப் பேரினமாகவே அறிவித்தார்கள். மெட்ஸின் மகள் பெயரே மரத்துக்கும் ஆனது. 18 மீட்டர் உயரம், விரித்தால் 5 மீட்டர் வரும் ஓலை. இத்தனை பெரிய மரம் அதுவரை எந்தத் தாவரவியலாளர் கண்ணிலும் படவில்லை! பிறந்த மண்ணில் வளர்ந்து நின்றவை அன்று நூறுகூட இல்லை.

இது ஒரே ஒரு முறை பூக்கும். காய்த்து முடிந்ததும் பட்டுப்போகும்.

எங்கள் ஊர்க் குளக்கரையில் நின்ற தாளிப்பனையும் அப்படித்தான். நான் சிறுவனாக இருந்தபோது உச்சியில் பாளை வெடித்து, தலை முழுக்க வெண்மஞ்சளாகப் பூத்தது. அடுத்த வருடம் காய்கள் டீக்கடைத் தகரக் கூரையில் இரவெல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்தன. பொறுக்கிக் கோலி விளையாடினோம். ஓலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின, மரத்தை வெட்டினார்கள். ஒரு கொட்டையை மண்ணில் ஊன்ற வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று அந்தக் கரையில் தாளி இல்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

உங்கள் கன்று பூக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று தண்ணீர் ஊற்றுகிறவர் அன்று வேலையில் இருக்கமாட்டார். அதனால் கேட்கிறேன்: விதை எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு ஊன்றியது என்பதைப் பதிவேட்டில் மட்டுமல்ல, மரத்தடிப் பலகையிலும் எழுதிவையுங்கள். ‘பாளை தெரிந்தால் விதை சேகரிக்க வேண்டும்’ என்ற வரியும் அதில் இருக்கட்டும். இந்த மரத்தைக் காத்து நிற்பவர்கள் அனலாலவாப் பகுதிக் கிராமத்து மக்கள். விதை விற்ற பணத்தில் அவர்களுக்கும் பங்கு போக வேண்டுமென்றுதான் முதலிலேயே ஏற்பாடு செய்தார்கள். உங்கள் மரம் காய்க்கும்போது முதல் தகவல் அந்தக் கிராமத்துக்குப் போகட்டும். அங்கே தீயில் மரங்கள் அழிந்திருந்தால், முதல் கூடை விதையும் அங்கேதான் போக வேண்டும்.

அன்புடன்,
குளக்கரைத் தாளியைப் பறிகொடுத்த ஒருவன்